கறிவேப்பிலைக்கு வந்த விருந்தாளி

இன்று காலை கறிவேப்பிலைத் தொட்டிகளைக் கராஜிலிருந்து வெயிலுக்கு நகர்த்தியபோது ஓர் இலை விரலில் கசங்க, அந்த வாசனையில் பிளானோ என்ற அமெரிக்க ஊரில் நான் வளர்ந்த அபார்ட்மென்ட்டின் பால்கனி திரும்பி வந்துவிட்டது. அந்த இடம் இப்போது ஏதோ கம்பெனியின் கார் பார்க்கிங்.

குளிர்காலம் முழுக்க ஹாலில் எங்களோடு டிவி பார்த்த செடியை, மார்ச் வெயில் தலைகாட்டியதும் அம்மா பால்கனியில் வைப்பாள். பின்னாலிருந்த காலிமனையின் நீலப்பூக்களுக்குள்ளிருந்து கறுப்பும் மஞ்சளுமாக, என் உள்ளங்கையைவிடப் பெரிய பட்டாம்பூச்சி ஒன்று எழும்பி, பக்கத்து வீட்டு ரோஜாக்களைச் சட்டை செய்யாமல், நேராக எங்கள் கறிவேப்பிலையில் வந்து முட்டையிடும். ரசத்துக்கு நாலு இலைக்கு மேல் கிள்ள விடாத அம்மா, ஒரு வருடம், பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டு இலையை மென்ற புழுக்களைக் குச்சியால் தட்டிவிடத்தான் போனாள். போனவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"தின்னுட்டுப் போகட்டும் விடுங்க," என்றாள் அப்பாவிடம். "இந்த ஊர்ல கறிவேப்பிலையைத் தேடி நம்ம வீட்டுக்கு வர்ற ஒரே கெஸ்ட்."

அந்த வசந்தம் முழுக்க எங்கள் ரசம் மொட்டையாகவே இருந்தது. பால்கனியிலோ, காலையில் கதவைத் திறந்தால், ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டு யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

நான் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். ஒன்று ரசத்துக்கு.