பதக்கம் வாங்கியவரின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை ஜெபம் முடித்து எழுந்தபோது தாதி எஸ்தர் தெருவில் ஓடிவந்தாள். நம் புதுப்பட்டியில் ஒருவர் ஓடிவந்தால் நாம் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. வெடி ஆலைகள் இருக்கும் திசையில் புகை எழுகிறதா என்றுதான் பார்ப்போம். புகை இல்லை. "அவில்தார் போயிட்டாருய்யா. தூக்கத்துலயே" என்றாள். பட்டாளத்து அவில்தார் ஞானமுத்துவைக் கர்த்தர் படுக்கையிலிருந்தே அழைத்துக்கொண்டார் என்பது என் துக்கத்துக்குள் ஓர் ஆறுதலாக இருந்தது.

வடக்கெல்லைப் போரில், குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டுக் கிடந்த தோழர் இருவரை இழுத்து வந்ததற்காக அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்ததை அறிவீர்கள். அதை அணிந்து அவர் ஊர் திரும்பிய நாளில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கோயில் வாசல்வரை சரவெடி விரித்திருந்தார்கள். நம்மவர் வேறெப்படி வரவேற்பார்கள்? ஆர்டர் வேலைக்கு நடுவே நம் பெண்கள் ஆசையாகப் பின்னிய சரம் அது.

நான் மாலையிட்டபோது அவர் என் மணிக்கட்டைப் பற்றினார். "உபதேசியாரையா, கொளுத்த வேண்டாம்னு சொல்லுங்க. மொத வெடியிலயே தரையில கவுந்துருவேன். அங்கனயிருந்து வந்த பொறவு ஒடம்பு என் சொல்லைக் கேக்க மாட்டேங்குது. எங்க ஆத்தா பாத்துக்கிட்டு நிக்கா."

சரத்தின் முனையில் ஊதுவத்தியோடு நின்ற மாடசாமியிடம் விரைந்து, அவில்தார் கொளுத்த வேண்டாம் என்கிறார் என்றேன். அவன் சிரித்தான். "என்னய்யா, பீரங்கியப் பாத்தவரு நம்ம வெடிக்குப் பயப்படுவாராக்கும்?" கூட்டமும் சிரித்தது. அவன் குனிந்தான்.

"ஏலே மாடசாமி, வைக்காதலே! எனக்குப் பயமா இருக்கு."

ஞானமுத்துவே உரக்கச் சொன்னார். அந்தச் சொல்லை நம் சனம் நாவில் எடுப்பதில்லை. எடுத்தால், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் கை நடுங்கும் என்பார்கள். தாய் தலைகுனிந்தாள். எல்லார் கண்களும் அந்தப் பதக்கத்தின்மேல் நின்றன.

முந்தின சீசனில் ஆலைத் தீயில் கணவனை இழந்த வேலம்மாள் முன்னே வந்தாள். மாடசாமியின் கையிலிருந்து ஊதுவத்தியை வாங்கிப் புழுதியில் தேய்த்து அணைத்தாள். "எங்களுக்குந்தான் அவில்தாரே. தெனமும். நீங்க ஒருத்தர்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கீக" என்றாள். பெண்கள் ஓசையின்றிச் சரத்தைச் சுருட்டினார்கள்.

போர்க்களத்தைப் பற்றி ஒருமுறை அவில்தாரிடம் கேட்டேன். "அம்புட்டுப் பயம்யா. பயந்ததாலதான் மண்ணோட மண்ணா ஊர்ந்து போனேன். பயமில்லாதவன் நிமிந்து போனான், திரும்பலை" என்றார். மார்பில் புண்பட்டவனைப் பாடிய நம் பழம்பாட்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஊர்ந்தவனுக்கு ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை.

பின்னர் அவர் ஆலையில் மேற்பார்வையாளரானார். காலைதோறும் வாசலில் ஒவ்வொருவரையும், "பயமா இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்பவரை அன்று மருந்து அறைக்குள் விடமாட்டார். காகிதம் சுருட்ட அனுப்பிவிடுவார். முறைத்தவர்களும் உண்டு. அவர் அசையவில்லை.

அஞ்ச வேண்டாம் என்று போதித்தே முதுமை எய்தியவன் நான். அச்சத்தை அகற்றும் என்று மன்றாடிவந்த என் ஜெபத்தை அவர் மாற்றிவிட்டார்; அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவே. இனி அந்த வாசலில் நின்று கேட்க ஆள் இல்லை. ஆகவே, நாளைக் காலை மருந்து அறைக்குள் நுழையும் நம் பிள்ளைகளின் கைகளை விட்டு அச்சம் ஒரு கணமும் நீங்காதிருக்கட்டும் என்று கர்த்தரிடம் கேட்கிறேன்.