அட்டாச் அக்காவின் சாவி

காலி வீட்டின் கூடத்தில், கைப்பையைத் தலைக்கு வைத்து அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். மகள் அளவு நாடாவின் ஒரு முனையைச் சுவரில் அழுத்தியபடி நின்றாள். மறுமுனை அம்மாவின் வயிற்றின் மேல் கிடந்தது.

"அம்மா, இழுத்துப் பிடி."

"இருடீ. வீடு பேசுது."

அம்மா வீட்டு புரோக்கர். எந்த வீட்டையும் படுத்துப் பார்க்காமல், வீடு தேடி வரும் பார்ட்டிக்குக் காட்ட மாட்டாள். படுத்தால்தான் மாடியில் நாற்காலி இழுப்பதும், குழாய் சொட்டுவதும், பக்கத்து வீட்டுச் சண்டையும் கேட்குமாம். மகள் கட்டடப் பொறியாளர். "இதுக்கெல்லாம் கருவி இருக்கும்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அதுக்கு முதுகு வலிக்குமா? எனக்கு வலிக்கும். வலிச்சா தரை சரியில்லன்னு அர்த்தம்."

தெருவில் அவளுக்கு அட்டாச் அக்கா என்று பெயர். "அட்டாச் பாத்ரூம் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டப் பழகிவிட்டாள். பால்கனியா, அட்டாச். மொட்டைமாடிப் படியா, அதுவும் அட்டாச். கடனுக்காகக் கோர்ட் முடக்கிய வீடென்றால் குரல் இறங்கிவிடும்: "அதை அட்டாச் பண்ணிட்டாங்க, அந்தப் பக்கமே போகாதே." மெயிலில் 'போட்டோ அட்டாச் பண்ணியிருக்கேன்' என்று எழுதுவாள்; போட்டோ இருக்காது. கேட்டால், "மனசுல பண்ணிட்டேன், கையில விட்டுப்போச்சு" என்பாள். தன் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் பெருமூச்சு. "உங்க மாமா பொண்டாட்டிகூட ரொம்ப அட்டாச். அவனுக்குச் சளி பிடிச்சா அவளுக்கு இருமல் வருது."

ஊருக்கெல்லாம் தேனாகப் பேசிய அந்த வாய், மகள் தனக்குத் தனி வீடு பார்க்கச் சொன்னதும் கசந்துவிட்டது. கோழிக்கூடு மாதிரி அறையைக்கூட "அடக்கமா இருக்கு" என்று தள்ளிவிடுகிறவள், மகளுக்கென்று வந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் மூக்கைச் சுளித்தாள்.

"படுக்கிற ரூமுக்குள்ளயே பாத்ரூமா? ஈரம் ஏறும்டீ."

"அம்மா, அதுதான் அட்டாச் பாத்ரூம்."

"அது பார்ட்டிக்கு!"

உண்மையான இழுபறி சாவியில் இருந்தது. எந்த வீடானாலும் தனக்கொரு சாவி வேண்டும் என்றாள் அம்மா. மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"மணி அடிச்சுட்டுத்தான்டீ வருவேன்."

"மணி அடிக்கிறவங்களுக்குச் சாவி எதுக்கு?"

"நீ திறக்கலேன்னா?"

அன்று அந்தக் காலி வீட்டின் தரையிலிருந்து எழ மகள் கை கொடுத்தாள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "வலிக்கல. வீட்டை எடுத்துக்கோ" என்றாள். மகள் அந்த இடுப்பையே பார்த்தாள். பிறகு வீட்டுக்காரர் தந்திருந்த ஒற்றைச் சாவியை நீட்டினாள்.

"இதுக்கு ஒரு காப்பி போட்டு வெச்சுக்கோ. ஆனா மணி அடிக்கணும்."

"சத்தியமா." சொன்ன வேகமே நம்பும்படியாக இல்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், பார்ட்டிக்குக் காட்டப் போன வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வீடு பேசுவதைக் கேட்கிறாள் என்று நினைத்து, பார்ட்டி சத்தம் காட்டாமல் வாசலிலேயே காத்திருந்தார்களாம்.

காரியங்கள் முடிந்தபின் கைப்பையைத் திறந்தாள் மகள். ஊர்ச் சாவிகளுக்கு நடுவே தன் புது வீட்டுச் சாவி ஒன்றுதான் இருந்தது. காப்பி இல்லை. எடுத்துக்கொண்டு சாவிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பார்த்ததுமே தலையசைத்தார்.

"அக்கா கொண்டாந்த சாவியாச்சே இது! மெஷின்லகூட மாட்டிட்டேம்மா. அப்புறம் வேணாம்னு திருப்பி வாங்கிட்டாங்க."

"ஏன்?"

"'இப்பவே போட்டுக்கிட்டா இன்னைக்கே போய்த் திறந்துடுவேன். அவ முதல்ல குடியேறட்டும், அடுத்த வாரம் வரேன்'னாங்க."

மகள் சாவியை மேசைமேல் வைத்தாள். "ஒண்ணு போடுங்க."

சூடு ஆறாத புதுச் சாவியோடு தன் புது வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, அதைப் பூட்டில் நுழைக்குமுன் மணியை அடித்தாள்.