முன்கூட்டியே சொன்ன நன்றி

ஞாயிறு பூசையில் என் மகளின் பெயர் வாசிக்கப்பட்டபோது நான் பாடல் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல முதலில் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கான வேண்டுதல் கருத்துகள் வந்தன. பிறகு பிறந்த நாள்கள், திருமண நாள்கள். அதன்பின் ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் பெயரைச் சொல்லி, “முனைவர் பட்டப் படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்ததற்கு நன்றியாக” என்று வாசித்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது எங்கள் வரிசையில் மூன்று பேருக்குமே தெரியும். அந்த மூன்றாவது ஆளான என் கணவர்தான் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார். கோயிலின் பங்கு அலுவலகத்தில் அந்தக் கருத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்.

அவளுடைய துறை சூழலியலும் பரிணாமமும். அடையாறு கடலில் சேரும் இடத்தில், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்னச் சேற்று நண்டுகளைப் பார்ப்பது அவள் வேலை. ஆண் நண்டு அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடுமாம். தண்ணீர் கெட்டுப்போனால் அந்த அழைப்பு எப்படி மாறுகிறது என்பது அவளுடைய கேள்வி. எம்.எஸ்ஸி. முடித்து, ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உன் பொண்ணா அது? இன்னாம்மா இது, துன்னவும் முடியாத, விக்கவும் முடியாத நண்ட வெயில்ல நின்னு பாத்துக்கினு கீது?”

“படிப்புக்காகத்தான்மா.”

“படிச்சிட்டா மட்டும் அது பெருசாய்டுமா?”

நானும் சிரித்தேன். மகளிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் எளிதாகச் சிரிப்பாள்.

நான் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள். விண்ணப்பம் என்றால் எனக்குத் தெரிந்தது மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு. இவளுடைய துறையில் அப்படி இல்லை. யாரிடம் ஆய்வு செய்ய விரும்புகிறோமோ அந்தப் பேராசிரியருக்கு முதலில் நாமே எழுத வேண்டும். நம் கேள்வி அவருக்குப் பிடிக்க வேண்டும். அவர் சரி என்றால்தான் விண்ணப்பிப்பதில் பொருள் உண்டு. பலர் பதிலே போடவில்லை. ஒரு பெண் பேராசிரியர் மட்டும் நண்டுகளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டு எழுதினார். அந்த ஒருவரை நம்பித்தான் டிசம்பரில் விண்ணப்பித்தாள்.

ஜனவரியில் ஒரு மாலை கணினியில் நேர்காணல். என் கணவர் அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்தார், குக்கரை இறக்கி வைக்கச் சொன்னார், சமையலறை வாசலில் மூச்சுவிடாமல் நின்றார். அந்தப் பேராசிரியர் கடைசியாகச் சொன்னது எங்கள் இருவருக்குமே கேட்டது. உன்னோடு சேர்ந்து வேலை செய்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி என்றார்.

கதவு திறந்ததும் இவர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

“டாடி, அவங்க ஆசைப்படறாங்க, அவ்ளோதான். கமிட்டி இருக்கு. ஃபண்டு இருக்கணும். எதுவும் முடிவாகல.”

“புரொஃபசரே வாய் விட்டுச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன கமிட்டி?”

“அங்கல்லாம் அப்படி இல்ல டாடி.”

“எங்கயும் அப்படித்தான் பாப்பா. பெரியவங்க சொன்னா சொன்னதுதான்.”

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மேலதிகாரி “பார்க்கலாம்” என்றால் இல்லை என்றும், “சந்தோஷம்” என்றால் ஆயிற்று என்றும் பொருள் கொண்டு பழகியவர். அந்த அம்மாளின் மகிழ்ச்சியை அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

அவள் பெயர் வாசிக்கப்பட்ட அந்தப் பூசை முடிந்து வெளியே வந்ததும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். “எந்த ஊரு?”, “எப்ப கெளம்புற?”, “மயிலாப்பூர மறந்துடாத, என்ன?” அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். தெருமுனை திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எதுக்கு டாடி?”

“கேட்டுக்கிட்டே இருந்தா சந்தேகப்படற மாதிரி. நன்றி சொல்லிட்டா அது விசுவாசம்.”

“நீங்க கடவுள்கிட்ட மட்டுமா சொன்னீங்க? மொத்தப் பங்குகிட்டயும் சொல்லிட்டீங்க.”

அவருக்கு அந்த வித்தியாசம் உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கும் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய பரிசை மகளுக்குக் கொடுத்திருந்தார்.

மார்ச்சில், தவக்காலம் தொடங்கிய பிறகு, பதில் வந்தது. நிதி குறைந்துவிட்டதால் இந்த ஆண்டு மிகச் சிலரையே சேர்த்துக்கொள்ள முடிகிறது, வருந்துகிறோம். பேராசிரியர் தனியாகவும் எழுதியிருந்தார். தான் கேட்டுப் பார்த்ததாகவும், முடிந்தால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கும்படியும். மகள் இரண்டையும் எனக்கு வாசித்துக் காட்டினாள், வேறு யாருக்கோ வந்ததை வாசிப்பதுபோல. இவர் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றார்.

கிடைக்காமல் போவது அவளுக்குப் புதிதல்ல. தோற்றால் இரண்டு நாள் போர்வைக்குள் கிடப்பாள், பிறகு எழுந்து பசிக்கிறது என்பாள். இந்த முறை அதற்கு இடமே இருக்கவில்லை. மருந்துக்கடையில் “விசா வந்துடுச்சா?” காய்கறிக் கடையில் “அங்க குளிராமே?” எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அவளுடைய பயணத்துக்காக எல்லாரும் ஜெபித்தார்கள். நான் நடுவில் முழங்காலில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு ஆற்றுக்குப் போவதையும் நிறுத்தினாள். அதுதான் எனக்குப் பயம் தந்தது.

என் கணவரின் தங்கைக்கும் நாங்கள் சொல்லவில்லை. அவள் ஒரு சனிக்கிழமை வந்து, மருமகளுக்குப் பெட்டி வாங்கித் தருவது தன் கடமை என்று எங்களைத் தி.நகருக்கு இழுத்துப் போனாள். கடையில் ஒவ்வொரு பெட்டியையும் உருட்டிப் பார்த்தாள்.

“இந்த நீலம் எப்படி? தூரத்துலேர்ந்தே தெரியும்.”

“அத்தை, எனக்கு சீட் கெடைக்கல.”

“என்னது?”

“கெடைக்கல. போன மாசமே சொல்லிட்டாங்க.”

“அப்ப பூசை வச்சது?”

“அது டாடி வச்சது.”

அத்தை என்னைப் பார்த்தாள். விற்பனையாளர் பெட்டியின் ஜிப்பைப் பாதி திறந்தபடி நின்றார். “அண்ணி, இவ்ளோ நாள் என்னை ஏமாத்திக்கிட்டா இருந்தீங்க?” என்றாள். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அதையும் விட்டுவிட்டு, கூட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். உஸ்மான் ரோட்டில் அவளே ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

அதன்பின் செய்தி தானாகவே பரவியது. யாரும் கேலி செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவர் பங்கு அலுவலகத்துக்குப் போய் ஃபாதரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இப்போது எட்டு மணிப் பூசைக்குப் பதில், ஆள் குறைவான விடியற்காலைப் பூசைக்குப் போகிறார்.

ஆய்வுத் திட்டம் ஜூனில் முடிந்தது. மகள் அடையாறில் ஒரு பயிற்சி மையத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உயிரியல் நடத்துகிறாள். மாலையில் தொண்டை கட்டி வருகிறாள். பேராசிரியர் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னாரே என்று செப்டம்பரில் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

“போட்டாலும் டாடிகிட்ட சொல்ல மாட்டேன் மம்மி. ப்ளேன் ஏறப்போற அன்னிக்குத்தான் சொல்வேன்.”

“என்கிட்ட?”

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

“உங்ககிட்டயும்தான்.”

மறுபடி டிசம்பர் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். விசைப்பலகைச் சத்தம் கேட்கிறது. மறுநாள் வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறாளா, அந்தப் பேராசிரியருக்கு எழுதுகிறாளா, எனக்குத் தெரியாது. இவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறேன். இருவரும் அவளிடம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.