காற்று வாங்கப் போன கார்

ஆரணியில் கூரையில்லாத கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. அசல் கார் வெளிநாட்டில் அந்தக் காலத்தில் பந்தயத்துக்கு ஓடியது. அதை வாங்க நான் ஏழு ஜென்மம் பட்டுச் சேலை விற்றாலும் முடியாது. என்னுடையது நகல். பஸ் பாடி கட்டும் ஒருவர் பைபரில் செய்துகொடுத்த உடம்பு. பழைய கார்களைப் பிரித்து விற்கும் சென்னைக் கடையில் கிடைத்த இன்ஜின். இன்ஜின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. தனக்கென ஒரு விசிறியை வைத்துக்கொண்டு காற்றாலேயே சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

தணித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். என்னுடையது கால் மணி நேரத்தில் தோசைக்கல்லாகிவிடும்.

பக்கத்தில் அரிசி மில்கள் நிறைந்த களம்பூர் வரை போய்த் திரும்பினால் போதும் என்பதுதான் அந்த நாட்களில் என் லட்சியம். அங்கே நெல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வேன். ஆயில் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொடும். ஓரங்கட்டிப் பின்மூடியைத் தூக்கினால் நாலு பேர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருவார்கள். நல்ல மனசுதான். எங்கே ஊற்றுவது என்று அவர்களே குனிந்து தேடுவார்கள். ஊற்ற இடமே இல்லை என்றால் என்னை நம்ப மாட்டார்கள். ஒரு லாரி டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணியே குடிக்காத வண்டியை எவன்பா உன் தலைல கட்டினான்?"

நானே கட்டிக்கொண்டதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்மூடியை இறக்கினேன்.

என் மனைவி வீட்டில் பட்டுத் தறி நெய்கிறவள். கார் வந்து மூன்று வருடமாகியும் அவள் அதில் ஏறியதில்லை. நடுரோட்டில் நின்று வேடிக்கைப் பொருளாக அவளுக்கு நேரமில்லையாம். அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாகவே பேச்சை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரத்தில் அவள் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். இந்தக் காரிலேயே வருகிறேன், வழியில் ஒரு தரம் நின்றாலும் திங்கட்கிழமை இதை விற்றுவிட வேண்டும் என்றாள். காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த சென்னை ஆள் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மெக்கானிக் ஷெட்தான் கதி. மெக்கானிக் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. ஆயிலை மாற்றினார். இன்ஜினைச் சுற்றியிருந்த தகடுகளில் இடைவெளி இருந்தது. கீழே வெளியேறும் சூடான காற்று அது வழியாக மேலே வந்து, விசிறி அதையே திரும்ப இழுக்கிறது என்று கண்டுபிடித்து, ரப்பர் பீடிங் வைத்து அடைத்தார். ஷெட்டில் மூடியைத் தூக்கி வைத்து அரை மணி நேரம் ஓட்டினால் முள் அசையவில்லை. ரோட்டுக்குப் போனால் இருபதாவது நிமிடம் மறுபடி சிவப்பு. வெள்ளிக்கிழமை கடுப்பில் டயரை ஓங்கி உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கட்டைவிரல் வீங்கிப்போனது.

சனிக்கிழமை மத்தியானம் தறி அறைக்குள் போனேன். காரை விற்றுவிடலாம், நாளைக்கு பஸ்ஸிலேயே போகலாம் என்று மனைவியிடம் சொல்லத்தான் போனேன். உள்ளே அனலாக இருந்தது. தாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்தேன்.

"மூடுங்க, இழை அறுந்துடும்," என்றாள், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெரிந்த சங்கதிதான். வறண்ட காற்று பட்டால், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் பட்டு இழை உலர்ந்து பட்பட்டென்று அறுந்துவிடும். அதனால் தறி ஓடும்போது ஜன்னலை மூடி, விசிறியை நிறுத்திவிடுவார்கள். தறி வீட்டில் பிறந்தவனுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. காற்று என்றால் முதலில் அடைக்கத்தான் கை போகும். ஜன்னலை மூடினேன். இரண்டு நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேராகக் காரிடம் ஓடினேன். பின்மூடியில் காற்றுப் போக நீளநீளமாகத் துவாரங்கள் உண்டு. கார் வந்த புதிதில், களம்பூர் மில்களின் உமித் தூசி உள்ளே போகக் கூடாதென்று, அந்தத் துவாரங்களுக்கு உட்புறமாகக் கறுப்பு நூல் சேலைத் துண்டை இரண்டாக மடித்து நானே ஒட்டி அடைத்திருந்தேன். அதில் மூன்று வருடத் தூசி சேர்ந்து களிமண் மாதிரி இறுகியிருந்தது. மூடியைத் தூக்கி வைத்து இன்ஜினையே பார்த்த மெக்கானிக், அந்தக் கறுப்பு மூடியின் உள்வேலை என்று நினைத்திருப்பார். செய்த எனக்கோ அது தப்பாகவே தோன்றியதில்லை. கத்தியால் கிழித்து எறிந்தேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எத்தினி நாளு பேஜாரு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். அவள் மடியில் சீர்த் தட்டு. ஊரைத் தாண்டினோம், பதினைந்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. என் கண் ரோட்டில் பாதி, முள்ளில் பாதி. முள் நடுவிலேயே நின்றது. தேவிகாபுரத்துக் கோபுரம் தெரிந்தபோது ஜெயித்துவிட்ட திமிரில், பார்த்தாயா என்று கேட்கத் திரும்பினேன்.

அவள் முள்ளைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பின்னலிலிருந்து முடி பிரிந்து பறந்துகொண்டிருந்தது. இருபது வருடமாகப் பகலெல்லாம் அந்த அறையில் வியர்வையில் உட்கார்ந்திருப்பவள். ஒரு இன்ஜினுக்குக் காற்று போதவில்லையென்று மூன்று வருடம் ஊரெல்லாம் அலைந்த எனக்கு, இவளை ஒரு சாயங்காலம் காற்றாட வெளியே கூட்டிப்போகத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

தங்கை வீட்டுத் தெரு வந்தது. வேகத்தைக் குறைத்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நிறுத்தாதீங்க. நேரம் இருக்குது. இப்டியே கொஞ்ச தூரம் போய்கினே இருங்க."

தெருவைத் தாண்டி நேராக விட்டேன். அதற்குப் பிறகு முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது.