வெள்ளம் வடிந்தபின் வந்த குரல்

அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். சுற்றுவட்டார ஊர்களின் பழைய படங்களையும் பேச்சுகளையும் கணினியில் சேர்த்துவைக்கும் தன்னார்வலர்கள் அவரை 'நச்சரிப்பு அக்கா' என்பார்கள். ஒவ்வொரு ஊரின் சேகரிப்புக்கும் இன்னொரு ஊரில் நகல் இருக்க வேண்டும் என்று அவர்கள் உயிரை எடுப்பார்.

அந்த மழையில் ஆற்றங்கரை ஊரின் சேகரிப்பு அறை மூழ்கியது. அதைத் தையல்காரர் ஒருவர் கவனித்துவந்தார்; அவருடைய மனைவியையும் வெள்ளம் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்ததும் அக்கா அந்த ஊரின் நகல் இருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"எல்லாம் போச்சுக்கா," என்றார் தையல்காரர்.

"ஊரோடது அத்தனையும் இதுல பத்திரமா இருக்கு தம்பி. உங்க வீட்டம்மா ஆலை வேலையைப் பத்திப் பேசினதும் இருக்கு. போடட்டுமா?"

அவர் தலையசைத்தார். பேச்சுக்கு நடுவே மனைவியின் குரல், "ஏங்க, ஃபேனை நிறுத்துங்க, சத்தம் விழுதுல்ல" என்று அவரை அதட்டியது.

அன்றுதான் தையல்காரர் வாய்விட்டு அழுதார். மேட்டுத்தெருவில் சேகரிப்பை மறுபடி தொடங்கியதும் அவர்தான்.