மாமா தலையில் பொங்கிய நுரை

நடுத்தெருவில், நூறு பேர் பார்க்க, உங்கள் வீட்டு ஆள் யாருக்காவது தலையிலிருந்து நுரை பொங்கியிருக்கிறதா? என் மாமாவுக்குப் பொங்கியிருக்கிறது. உபயம்: நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா ராணுவத்தில் இருந்தார். குற்றால சீசனுக்கென்றே லீவு போட்டு இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஐந்தருவிப் பக்கம் படகு சவாரி கூட்டிப் போகிறேன் என்று மூன்று நாளாக எனக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் எண்ணெய்க் குளியலுக்குக் கிளம்பினார், துணைக்கு நான். செம கடுப்பு எனக்கு.

லாட்ஜ் தெருவில் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவரிடம்தான் மாமா எப்போதும் தலையைக் கொடுப்பார். மாமாவின் சட்டையை வாங்கி மடிக்க அண்ணாச்சி திரும்பிய கேப்பில், குளியலுக்கென்று கொண்டுவந்த இரண்டு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து எண்ணெய்க் கிண்ணத்தில் பிதுக்கி, விரலால் ஒரு கலக்கு கலக்கினேன். சாரல் வேறு ஆரம்பித்தது. அண்ணாச்சி தேய்க்கத் தேய்க்க நுரை கிளம்பி, நெற்றியில் இறங்கி, மாமா உயிரையே வைத்திருந்த மீசைக்குப் போய்ச் சேர்ந்தது. தெருவே சிரித்தது. ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்தான்.

"என்னத்தவே தேச்சீரு? கலப்பட எண்ணெயா?" என்று எழுந்த மாமா, அண்ணாச்சியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

இது என் பிளானிலேயே இல்லை. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

'கலப்பட எண்ணெய்' என்ற பேரோடு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது மற்றப் பலகைகளில் ஆள் காத்துக் கிடக்க, அண்ணாச்சி தன் பலகையில் தானே உட்கார்ந்திருந்தார். சீசன் போனால் எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு அடுத்த வருஷம்தான் வருமானம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணாச்சி போலீசுக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் போனார். அந்த அக்கா சட்ட உதவித் தன்னார்வலர். சண்டை போட்ட இரண்டு தரப்பையும் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். மாமா போனார், நானும் ஒட்டிக்கொண்டேன்.

அக்காவிடம் ஒரு வினோதமான சட்டம் இருந்தது. "ஒங்க கதைய நீங்க சொல்லக் கூடாது. அவரு கதைய நீங்க சொல்லணும், ஒங்க கதைய அவரு சொல்லுவாரு."

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "சார் ஊருக்கு வாரதே வருஷத்துக்கு ஒருக்கா. வந்த எடத்துல சின்னப்பய எல்லாம் பல்லக் காட்டுதான். கோவம் வராதா?"

அடுத்தது மாமாவின் முறை. "அண்ணாச்சி... இருவது வருசமா இதே பலகை. நான் ஒரு அடி அடிச்சேன். இப்போ எவனும் வரமாட்டேங்கான். வீட்ல... வீட்ல என்ன சொல்லுதாவளோ."

"ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லுதிய," என்றார் அக்கா. "நொர எங்கன இருந்து வந்துச்சு? அதச் சொல்ல ஆளக் காணுமே?"

நான் ஓவென்று அழுதபடி, "ஷாம்பு... நாந்தான்," என்றேன். மாமா கை ஓங்கினார். தடுத்தது அண்ணாச்சி. "விடுங்க சார். ஒரு அடி போதாதாக்கும்?"

மாமா சட்டைப் பையில் கையை விட்டார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். "துட்டு வேண்டாம். நீங்க அடிச்சத ஊரே பாத்துச்சு. துட்டு குடுத்தத எவன் பாப்பான்? ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும். சாரல்ல வந்து எங்கிட்டத் தலையக் குடுங்க. நொர வருதா வரலையான்னு சனம் பாக்கட்டும். பாப்பா பக்கத்துல நின்னு நடந்ததச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சுள்ளென்று வெயில். திங்கட்கிழமை ரயிலேற வேண்டிய மாமா, சட்டையில்லாமல் ஒரு மணி நேரம் அந்தப் பலகையில் சாரலுக்காகக் காத்திருந்தார். "ஏலே, வீடியோ மாமாடா!" என்று கூட்டம் கூடியது. ஒருவழியாகத் தூறியது. அண்ணாச்சி தேய்த்தார். ஒரு பொட்டு நுரை இல்லை. "அன்னைக்கு ஷாம்பு ஊத்துனது நாந்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சத்தம் பத்தல பாப்பா, மலையாளத்துக்காரங்க வந்திருக்காங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்," என்றார் அண்ணாச்சி. கூட்டத்திலிருந்து ஒருவர் துண்டை உதறிக்கொண்டு அடுத்த ஆளாக உட்கார வந்தார்.

கடைசியாக அண்ணாச்சி மாமாவின் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனார். போச்சு, திருப்பி அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால், உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு மாமாவின் கன்னத்தில் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் சிவந்து நீர் வழிந்தது.

"கண்ணுல எண்ணெ விடாதீங்க அண்ணாச்சி!" என்று அதட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எண்ணெய் பட்டதால்தான் கண் கலங்கியது என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாமாவின் ஓங்கிய கையைத் தடுத்ததற்கு அண்ணாச்சிக்கும், என்னையே வாய் திறக்க வைத்த அந்த அக்காவுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்ற அதற்கும் மேல் ஆனது.

இன்று ஞாயிறு. வெளியே சாரல். இந்த வருஷமும் மாமா துண்டை எடுத்துக்கொண்டு அதே அண்ணாச்சியிடம் போயிருக்கிறார்.