நாக்கு மேஸ்திரியும் காதெலும்பும்

நாக்கு மேஸ்திரி என்றதும் ஆள் வாயாடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும், அதுவும் யோசித்துத்தான் வரும். ஊருக்கு வெளியே, கல்லுடைக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் பழங்காலத்துப் புதைகுழிகளைத் தோண்டும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. குழியிலிருந்து சின்னதாக ஒரு துண்டு வெளியே வரும். எலும்பா, கல்லா என்று ஆளாளுக்கு மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்கள். மேஸ்திரி அதை வாங்கி நாக்கு நுனியில் வைப்பார். எலும்பாக இருந்தால் அதிலுள்ள நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கல்லாக இருந்தால் பேசாமல் கையில் விழுந்துவிடும்.

தோண்டும் தொழிலில் இது பலருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் நம்மவருக்கு அதில் ஒரு தனி கர்வம். அவர் மனைவிக்குத்தான் பொறுக்காது.

"கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா தெரியலம்பாரு. என்னைக்கோ செத்தவங்க எலும்புன்னா மட்டும் நாக்கு நல்லா வேலை செய்யும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைப்பார்.

அந்தக் கர்வத்தையும் தூக்கிச் சாப்பிடும் கர்வம் ஒன்று மேஸ்திரிக்கு உண்டு. அது அவருடைய ஒரே மகள். மேட்டில் கிடைக்கும் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, இங்கே புதைக்கப்பட்டவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்க்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. அவளைப் பற்றி என்றால் மட்டும் இந்த மனிதருக்குப் பேச்சு மடை திறந்துகொள்ளும். டீக்கடையில் உட்கார்ந்து, "தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளை உடுப்பு. கைக்கு ரெண்டு உறை, ஒண்ணு மேல ஒண்ணு. மூச்சுக் காத்துகூட எலும்பு மேல படக்கூடாது. அவ ஒருத்திதான் அதைத் தொளைப்பா" என்று ஆரம்பித்தால் டீ ஆறிப் போகும், அவர் ஓயமாட்டார். கேட்பவர்களுக்கு அது மனப்பாடம். இருந்தாலும் கேட்டுக்கொள்வார்கள், பெற்றவன் பூரிப்பு அல்லவா.

அந்த ஊரில் ஒரு பழைய வழக்கு உண்டு. மலைப்பக்கத்து ஆட்கள் நாங்கள்தான் முதலில் வந்தோம் என்பார்கள். கரைப்பக்கத்து ஆட்கள் நீங்கள் நேற்று இறங்கி வந்தவர்கள் என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இதைச் சொல்லி முட்டிக்கொள்ளும். மேட்டு எலும்புகள் இதற்கு ஏதாவது பதில் சொல்லும் என்று ஆய்வகம் நம்பியது. சொன்னால்தானே? வெயிலும் ஈரமும் மாறி மாறித் தின்றதில் எலும்புக்குள் மரபணு என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. துளைத்துப் பொடியெடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெறுங்கை. காதுக்குள் ஒரு எலும்பு இருக்கிறது, உடம்பிலேயே கெட்டியானது, பாறை மாதிரி. அது கிடைத்தால்தான் வழி என்று மகள் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தார் மேட்டுக்கு வந்தபோதே கட்டளை போட்டுவிட்டார்கள். முகமூடி இல்லாமல் குழியில் இறங்கக்கூடாது. எலும்பை வெறுங்கையால் தொடக்கூடாது. நாக்கு? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "இனிமே என் நாக்கு சோறு திங்கறதுக்கு மட்டும்தான்" என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார் மேஸ்திரி.

சத்தியம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வரும்வரை. எல்லோரும் குழிகளுக்குத் தார்ப்பாய் போட ஓடுகிறார்கள். சல்லடை பிடித்திருந்தவர், அடியில் தங்கியதையெல்லாம் கல் என்று, கழித்த மண் குவியும் மண்மேட்டில் கொட்டப் போகிறார். அதில் ஒன்று, நெல்லிக்காய் அளவு இருக்கும், மேஸ்திரியின் கண்ணை உறுத்தியது. பார்த்தால் கல், தட்டினால் கல், கனமும் கல் கனம். கை தானாக எடுத்தது. இன்னொரு கை தானாக முகமூடியை இறக்கியது. உடைந்திருந்த ஓரம் நாக்கைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் மனிதருக்குச் செய்த காரியம் உறைத்தது. என்ன செய்வார்? சட்டையில் துடைத்தார். துடைத்ததையாவது செய்யாமல் இருந்திருக்கலாம். பையில் போட்டு, எந்தக் குழி என்று எழுதி, வாயை மூடிக்கொண்டார்.

அது காதெலும்பேதான். அதிலிருந்து மரபணு கொட்டியது என்று மகள் வீட்டில் குதித்தபோது, மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். உள்ளுக்குள் ஏதோ குடைந்தது. கொஞ்ச நாளில் அது அடங்கியும் போனது.

பிறகு ஒரு சாயங்காலம். மகள் வந்து செருப்பைக் கழற்றும்போதே மேஸ்திரி கவனித்துவிட்டார். தினமும் அவள் மூக்கின்மேல் முகமூடி அழுத்திய சிவப்புக் கோடு இருக்கும். அன்று இல்லை.

"இன்னைக்கு உள்ள போகலையா நீ?"

"வெளி ரூம்ல வேலை இருந்துச்சுப்பா."

"என்ன வேலை?"

"குப்பி கழுவுற வேலை."

அதோடு மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அம்மா என்று ஒருத்தி வீட்டில் இருக்கும்போது எதை எவ்வளவு நேரம் மறைக்க முடியும்? அடுப்படியில் வைத்து மகளிடமிருந்து விஷயத்தைக் கறந்துவிட்டார். அந்த எலும்பில் இரண்டு பேருடைய மரபணு இருந்ததாம். ஒன்று ஒரு பெண்ணுடையது, பழையது, நொறுங்கிப் பொடிப்பொடியாகக் கிடந்தது. இன்னொன்று ஓர் ஆணுடையது, புத்தம் புதியது. யார் கைபட்டது என்று கண்டுபிடிக்க வசதியாக ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லோருடைய மரபணுவையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த ஆணுடையதில் சரிபாதி மகளோடு ஒத்துப்போகிறது. மகனும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை என்றால், மிச்சம் இருப்பது அப்பன் ஒருவன்தான். மேஸ்திரி சத்தியத்தை மீறமாட்டார் என்று நம்பியதால், மகள்தான் வீட்டு உடுப்போடு, அப்பாவின் முடியையோ தோலையோ ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள் என்று ஆய்வகத் தலைவி முடிவு செய்துவிட்டார். வெள்ளை உடுப்பு போட்டு எலும்பைத் துளைக்கும் சுத்த அறைக்குள் மகள் இனி போகக்கூடாது. அந்த எலும்பும் ஆய்விலிருந்து நீக்கம்.

மேஸ்திரி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நாக்குல வச்சீங்களா?"

"ஒரே ஒரு தடவ."

"அது போதும்ப்பா."

"என் வேலைன்னு தெரிஞ்சும் உங்க மேடத்துக்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்கள மேட்டுல ஏத்த மாட்டாங்க. அந்த மேடு இல்லாம நீங்க இருப்பீங்களா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கு. அப்பனுக்காகப் பொண்ணு குப்பி கழுவட்டும்" என்றார். மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. தன் மேல் வந்த கோபம் ஒரு பக்கம், இப்படி ஒரு பெண்ணைப் பெற்றிருக்கிறோமே என்ற பெருமை ஒரு பக்கம்.

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய் நின்றார். தலைவி அறையில் சாவகாசமாக உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"மேடம், தப்பு என் பொண்ணு மேல இல்ல. நான்தான் அந்த எலும்ப நாக்குல வச்சேன். சட்டையிலயும் துடைச்சேன்."

தலைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "படிச்சுப் படிச்சு சொன்னோமே மேஸ்திரி! எத்தனை பேரோட உழைப்பு தெரியுமா? எதுக்கு வச்சீங்க?"

"கல்லுன்னு மண்மேட்டுல கொட்டப் போனாங்க. எனக்கும் கல்லாத்தான் தெரிஞ்சுது. கை கேக்கல."

தலைவி எழுதுகோலை மேசைமேல் வைத்தார். "நீங்க நாக்குல வைக்கலைன்னா இப்போ அது எங்க இருந்திருக்கும்?"

"மண்மேட்டுலதான். அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல மேடம்."

"சரியே இல்ல. அடுத்த தடவ சந்தேகம் வந்தா எங்களக் கூப்பிடணும், மழை கொட்டினாலும் சரி. கேட்டுச்சா?" என்றவர், மகளை உள்ளே கூப்பிட்டனுப்பினார். அவள் அப்பாவை அங்கே பார்த்ததும் விஷயம் புரிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க அப்பா மேல குத்தம்னு தெரிஞ்சே என்கிட்ட மறைச்சுட்டே. அதுக்குத் திட்டு தனியா உண்டு" என்றார் தலைவி. "இப்போ வேலையைப் பாரு. இவரோட எச்சிலை ஒரு குழாய்ல வாங்கு. அதுல இருக்கிற மரபணுவை முழுசாப் படிச்சு, எலும்புல இருக்கிற இவரோட பங்கைக் கழிச்சிடலாம். எச்சில் மேலோடதான் நின்னிருக்கும். மேல்பகுதியைச் சுரண்டிட்டு, நடுவுலேருந்து திரும்பவும் பொடி எடுக்கணும். எலும்பு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. தப்பினா அவ்வளவுதான். நீயே தொளை."

மகள் நீட்டிய குழாயில் மேஸ்திரி துப்பினார். வாய் வறண்டு போயிருந்ததால் அது லேசில் முடியவில்லை. "எலும்புன்னா மட்டும் ஊறுமோ?" என்று மகள் முணுமுணுத்தாள். தலைவியே சிரித்துவிட்டார்.

முடிவு வர மாதக்கணக்கானது. மேஸ்திரி நல்ல பிள்ளையாக முகமூடியோடு குழியில் இறங்கி ஏறினார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் மகள் மேட்டுக்கே வந்து, குழி விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள்.

"வந்துடுச்சுப்பா. சுத்தமா வந்துடுச்சு. அந்த எலும்புக்குச் சொந்தக்காரம்மா பொறக்கறதுக்குப் பல தலைமுறை முன்னாடியே மலைப்பக்கமும் கரைப்பக்கமும் கலந்தாச்சு. ஒரு எலும்ப வச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது. ஆனா அவங்க ரெண்டுமாத்தான் இருந்திருக்காங்க."

மேஸ்திரி குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். முகமூடிக்கு மேலே கண் கலங்கியிருந்தது. மறைக்கவும் இல்லை.

"நமக்குச் சொந்தமா அந்தம்மா?"

"நெருங்கின சொந்தம்னு ஒண்ணும் இல்லப்பா. உங்களுதைக் கழிச்சப்பறம்தான் அவங்களே தெரிஞ்சாங்க."

ஆய்வறிக்கை வெளியானபோது ஆய்வு செய்தவர்கள் வரிசையில் மகளின் பெயரும் இருந்தது. உள்ளே ஓரிடத்தில், எலும்பில் கலந்திருந்த அகழ்வுப் பணியாளர் ஒருவரின் மரபணு கண்டறிந்து நீக்கப்பட்டது என்று ஒரு வரி. பெயர் கிடையாது. ஊர் சும்மா இருக்குமா? அன்று சாயங்காலம் டீக்கடைக்காரர், கூட்டம் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தார்.

"என்ன மேஸ்திரி, அத்தனை பெரிய ஆராய்ச்சியில உங்களக் கழிச்சுத் தள்ளிட்டாங்களாமே?"

கடையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, யோசித்துச் சொன்னார்.

"ஆமா. என்னைக் கழிச்சிட்டாங்க. கழிச்சது யாரு? என் பொண்ணு."